மேலுரத்துக்கு நாள் குறிப்பது மழையாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேளாண் பகுதியை விடாமல் படிக்கிறவள் நான். மக்காச்சோளத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'விதைத்த 25-ஆம் நாள் முதல் மேலுரம், 45-ஆம் நாள் இரண்டாம் மேலுரம்' என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. வளர்ந்து நிற்கும் பயிருக்குப் போடுகிற உரம்தான் மேலுரம். உரக்கடையில் கேட்டாலும் இதே நாள்கணக்குதான். இந்தக் கணக்கு பொய்யில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இறவைப் பயிருக்குச் சொன்னது. வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு எக்டருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 250 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 75, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 75. தழைச்சத்தில் கால் பங்கு விதைக்கும்போதே போடும் அடியுரம், பாதி 25-ஆம் நாள், மீதிக் கால் பங்கு 45-ஆம் நாள். மோட்டாரைப் போட்டால் தண்ணீர் பாயும் தோட்டத்துக்கு இது சரி. கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர், தலைவாசல் பக்கம் வானத்தைப் பார்த்து விதைக்கிற எங்களுக்கு இது பாதிதான் பொருந்துகிறது. 25-ஆம் நாள் காடு காய்ந்து கிடந்தால் யூரியாவை என்ன செய்வது? 40-ஆம் நாள் அடைமழை பிடித்துக்கொண்டால் அடுத்த வாரம் போட வேண்டிய உரத்தை எப்போது போடுவது? இதை யாரும் எழுதுவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்கு நிலம் இரண்டு துண்டாக இருக்கிறது. மேட்டுக்காடு பச்சைமலையைப் பார்த்த சரிவில், சரளை கலந்த செம்மண். கீழ்க்காடு சுவேத நதியில் சேருகிற ஓடையை ஒட்டி, மிதித்தால் காலோடு வரும் களிமண். ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே உரம். ஆனால் ஒரு பெருமழை வந்துவிட்டால் இரண்டு காடும் இரண்டு விதமாகக் கெடும். மேட்டுக்காட்டில் தண்ணீர் நிற்காது. கீழே இறங்கும்போது தழைச்சத்தையும் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். கீழ்க்காட்டில் தண்ணீர் தேங்கும். மண்ணுக்குள் காற்று போகாதபோது அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டை வாயுவாக மாற்றி மேலே விட்டுவிடும். ஒன்றில் சத்து பூமிக்குள் போகிறது, மற்றொன்றில் ஆகாயத்துக்குப் போகிறது. இரண்டிலும் பயிர் வெளுத்து நிற்கும். 

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, சேலம் மாவட்டமே நனைந்து, ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்ததே, அந்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் பக்கம் புரட்டாசிப் பட்டத்து மக்காச்சோளம் உச்சியில் பூங்கதிர் (ஆண்பூ) தள்ளும் சமயம். வரப்புக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தனார் காடு. நாள் வந்துவிட்டது என்று மழைக்கு முந்தின தினம்தான் மேலுரத்தை முழுசாக இறைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்குச் சொல்லப்பட்ட நாள் அது. மழை விட்ட பிறகு அந்தக் காட்டில் அடி இலைகள் மஞ்சள் பிடித்து மேலே ஏறிக்கொண்டே வந்தன. கூலி கொடுத்து, மூட்டை சுமந்து, பாடுபட்டு ஓடையில் கரைத்துவிட்ட கணக்காகிப் போயிற்று.

யூரியா மண்ணில் விழுந்ததும் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல அனுமதியுங்கள். எங்கள் ஊரில் பலரும் 'போட்டாச்சு' என்றால் 'பயிருக்குப் போயாச்சு' என்றே நினைக்கிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அது யூரியாவாக இருக்கும்போது மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. தண்ணீர் போகும் வழியெல்லாம் போகும். ஈர மண்ணில், நம் ஊர்ச் சூட்டில், இரண்டு மூன்று நாளில் அது அம்மோனியமாக மாறும். அப்போதுதான் மண்ணிலுள்ள களி அதைக் கவ்விப் பிடிக்கும். அதன் பிறகு வாரக் கணக்கில் நைட்ரேட்டாக மாறும். மாறினால் மறுபடியும் பிடிமானம் போய்விடும். ஆக, போட்ட உடனே அடைமழை வந்தாலும் நட்டம், இரண்டு வாரம் கழித்துப் பயிர் எடுத்துக்கொள்வதற்கு முன் வந்தாலும் நட்டம்.

மழையே வராவிட்டாலும் நட்டம்தான். மேலே லேசாகப் பனியீரம், அடியில் வறண்ட மண். அப்படிப்பட்ட காட்டில் காலையில் யூரியாவை இறைத்துவிட்டு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உச்சி வெயிலில் குனிந்து பாருங்கள். வெள்ளைக் குருணை கரைந்து, விழுந்த இடம் மட்டும் திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கும். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் மாட்டுக் கொட்டகையில் பழைய கோமியம் வீசுமே, அந்த நெடி ஏறும். அதுதான் அம்மோனியா. காசு கண்ணெதிரே காற்றாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 'வேம்பு பூசிய யூரியாதானே, போகாது' என்கிறார்கள். 2015-லிருந்து உள்நாட்டு யூரியா முழுவதுக்கும் வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயமாக்கப்பட்டது, நல்ல காரியம். ஆனால் வேம்பு தடுப்பது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் வேகத்தை. மண்மேலே கிடந்து ஆவியாவதை அது பெரிதாகத் தடுக்காது. அதைத் தடுக்க மண்தான் மூட வேண்டும், இல்லையென்றால் அளவான மழை பெய்து உள்ளே இறக்க வேண்டும்.

அளவான மழை என்றால் 10 மி.மீ. அளவு. ஒரு ஏக்கரில் 10 மி.மீ. பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. யூரியாவை வேர்மண்ணுக்குள் இறக்க அது போதும். செம்மண்ணில் 50, 60 என்று ஒரே ராத்திரியில் கொட்டினால் வேரையும் தாண்டி இறங்கிவிடும். இந்த எண்களை நான் வேத வாக்காகச் சொல்லவில்லை. மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆனால் 'மழை வந்தால் போடலாம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட இது உருப்படியான பேச்சு.

பயிர் பக்கம் பார்த்தால் அவசரப்படத் தேவையே இல்லை என்பது தெரியும். முளைத்து முழங்கால் உயரம் வருகிற வரை மக்காச்சோளம் எடுத்துக்கொள்கிற தழைச்சத்து கொஞ்சம்தான். தொழு உரம் அடித்த காடாக இருந்தால் அடியுரமே அதுவரைக்கும் தாங்கும். முழங்கால் உயரத்திலிருந்து பூங்கதிர் வெளியே வந்து, கீழே சோளக்கதிர் பட்டு நூல் விடுகிற வரைதான் அகோரப் பசி. மொத்தத் தேவையில் பெரும்பகுதியை அந்தச் சில வாரங்களில் இழுத்துவிடும். அந்தக் காலத்துக்குள் எந்த நாளில் ஈரம் சரியாக இருக்கிறதோ அந்த நாள் நல்ல நாள். 25-ஆம் நாள் என்பது 22 ஆகலாம், 32-உம் ஆகலாம். பயிர் கோபித்துக்கொள்ளாது.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். அடியுரத்தில் தழைச்சத்தைக் குறைத்து, மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் முழுசாகப் போடுகிறோம். மேலுரத்தை இரண்டுக்குப் பதில் மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்கிறோம். கூலி ஒரு நடை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பங்கு மழையில் போனாலும் இரண்டு பங்கு வீட்டுத் திண்ணையில் பத்திரமாக இருக்கும். களை வெட்டும்போது செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கோடு கிழித்து, உரத்தைப் போட்டு, அதே கையோடு மண் அணைத்துவிடுகிறோம். இறைப்பதில்லை. மண் மூடிய யூரியாவுக்கு வெயில் பயம் இல்லை. இலையையும் குருத்தையும் தின்னும் படைப்புழு 2018-ல் நம் நாட்டுக்குள் வந்ததிலிருந்து, இப்படிப் பிரித்துப் போடுவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. ஒரே தடவையில் யூரியாவைக் கொட்டிக் கரும்பச்சையாக, இளசாக வளர்த்தால் புழுவுக்கு விருந்து வைத்த மாதிரிதான்.

மூன்றாவது பங்கைப் போடலாமா வேண்டாமா என்பதை இலையைப் பார்த்து முடிவு செய்கிறோம். தழைச்சத்து போதவில்லை என்றால் அடி இலையில் முதலில் தெரியும். நுனியில் மஞ்சள் தொடங்கி நடு நரம்பைப் பிடித்துக்கொண்டு தண்டை நோக்கி இறங்கும், இரண்டு ஓரமும் பச்சையாகவே இருக்கும். ஓரம் கருகி நடுவில் பச்சை இருந்தால் அது சாம்பல்சத்துக் குறை, அதற்கு யூரியா போட்டு என்ன பயன்? தண்ணீர் தேங்கி, செடி முழுக்க வெளுத்திருந்தால் முதல் வேலை வடிகால் வெட்டுவது. வேருக்கு மூச்சுத் திணறும்போது சோறு ஊட்ட முடியாது. தண்ணீர் வடிந்து, மண் காலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் உரம். அதுவரை தாக்குப்பிடிக்க லிட்டருக்கு 10 கிராம் யூரியா கரைத்துத் தெளிக்கலாம். பச்சை திரும்பும். ஆனால் ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தாலும் போவது 2 கிலோ யூரியாதான், அதில் தழைச்சத்து ஒரு கிலோகூட இல்லை. முதலுதவி என்று நினைத்துக்கொள்ள வேண்டும், மேலுரத்துக்கு ஈடு என்று நினைக்கக் கூடாது.

நெல் போடுகிறவர்களுக்கு, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்த்து உரம் முடிவு செய்ய இலை வண்ண அட்டை இருக்கிறது. யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு கலந்து இரவு முழுக்க வைத்துப் போடுகிற முறையும் வேளாண் துறை சொல்லித் தந்திருக்கிறது. மக்காச்சோளக்காரர்களுக்கு இலையைப் பார்த்து உரம் போடுவதை ஊர் ஊராக வந்து சொல்லித் தர ஆள் வேண்டும்.

வறட்சிக்கு வருகிறேன். 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்களே, அந்த வருடம் மாதிரி இனி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. இலை சுருண்டு, மதியம் மூன்று மணிக்கும் விரியாமல் நிற்கிற பயிருக்கு யூரியா போடவே கூடாது. தண்ணீர் இல்லாமல் வேர் அதைத் தொடாது. விளைச்சல் பாதியாகப் போகிறது என்று தெரிந்த காட்டுக்கு முழு உரம் எதற்கு? இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வாடி நின்ற பயிர் ஒரு மழை பெய்ததும் மண்ணில் கிடந்த நைட்ரேட்டை மடமடவென்று உறிஞ்சித் தண்டில் சேர்த்து வைக்கும். அந்தச் சமயம் பயிர் தேறாது என்று அறுத்துப் பச்சைத் தட்டாக மாட்டுக்குப் போட்டால் நைட்ரேட் நஞ்சு ஏறி மாடு செத்துப்போகும். அடித்தண்டில்தான் அது அதிகம். மழை பெய்து ஒரு வாரமாவது விட்டு, அடியை உயர்த்தி அறுக்க வேண்டும். ஆத்தூர் கோட்டத்தில் பால் காசில் குடும்பம் நடத்துகிற வீடுகள்தான் அதிகம். இந்த ஒரு விஷயத்தைப் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இப்போது வானிலை அறிக்கை. 'சேலம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிதமான மழைக்கு வாய்ப்பு' என்கிறார்கள். மேட்டூரிலிருந்து வீரகனூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு உட்கார்ந்திருக்கிறது. சேர்வராயன் மலையில் கொட்டுகிற அன்று தலைவாசலில் தூசி பறக்கும். அந்த 'ஓரிரு இடம்' எங்கள் இடமா என்று யாரைக் கேட்பது? வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வருகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வட்டார அளவில் சொல்வதற்கென்று நாடு முழுக்க வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கிய 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகளை 2024-ல் மூடிவிட்டார்கள். பருவம் தாறுமாறாகப் போய்க்கொண்டிருக்கிற நேரத்திலா அதை மூடுவது? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. 

மழை அளக்கிற வழக்கம் மலையில் இருக்கிறது. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினமும் குறித்து வைக்கிறார்கள். காபியைப் பூக்க வைக்கும் பூ மழை எத்தனை பெய்தது என்று பார்த்துத்தான் அங்கே உரம், தண்ணீர் எல்லாமே. கீழே மானாவாரிக் காட்டுக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அடி முதல் வாய் வரை ஒரே அகலமாக இருக்கிற எந்தப் பாத்திரத்தையும் மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில் வைத்து, காலையில் பள்ளிக்கூடத்து அளவுகோலை விட்டுப் பார்த்தால் மி.மீ. கணக்கு வந்துவிடும். பாத்திரம் சின்னதா பெரியதா என்பது கணக்கில்லை. நான் அப்படித்தான் குறித்து வருகிறேன். சேலம் பதிப்பில் நீங்கள் போடுகிற மழை அளவுப் பட்டியலோடு ஒப்பிடுகிறேன். ஏற்காடு, வாழப்பாடி, ஆணைமடுவு, கரியகோவில், ஆத்தூர், கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் என்று போகுமே, அந்தப் பட்டியலைத்தான் சொல்கிறேன். கெங்கவல்லிக்கும் தம்மம்பட்டிக்கும் நடுவிலேயே சில நாள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது. இந்தப் பட்டியலை இடம் இல்லாத நாளில் விட்டுவிடுகிறீர்கள். தயவு செய்து ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமாவது ஒரு நாளும் விடாதீர்கள். கூடவே, விதைப்பு தொடங்கியதிலிருந்து அந்த ஊருக்கு மொத்தம் எவ்வளவு பெய்தது என்று ஒரு பத்தி சேர்த்தால் எங்களுக்கு அது தங்கம்.

எல்லாம் தெரிந்து, இலை பார்த்து, மழை பார்த்து, 'இன்றைக்குப் போடலாம்' என்று கிளம்பினால் யூரியா கிடைக்க வேண்டுமே. ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் மாவட்டம் முழுக்க ஒரே சமயத்தில் கடைக்குப் போகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் 'லோடு வரல' என்பார்கள். தனியார் கடையில் 45 கிலோ மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்குக் கொடுக்க வேண்டும் என்று விலைப்பலகை தொங்கும். ஆனால் விற்பனைக் கருவியில் கைரேகை வைத்த பிறகு, துத்தநாக உரமோ பாட்டிலில் வரும் திரவ நானோ யூரியாவோ சேர்த்து வாங்கினால்தான் மூட்டை வெளியே வரும். நானோ யூரியா வேண்டும் என்கிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். 500 மி.லி. பாட்டிலில் 4 சதவீதம் தழைச்சத்து என்றால் 20 கிராம், 20 சதவீதம் என்று வைத்தாலும் 100 கிராம். ஒரு மூட்டை யூரியாவில் 20 கிலோவுக்கு மேல் இருக்கிறது. இந்தக் கணக்கைத் தெரிந்து விரும்பி வாங்குவது வேறு, மழை ஈரம் காய்ந்துவிடும் என்ற பதைப்பில் நிற்கிறவர் தலையில் கட்டுவது வேறு. எந்தக் கடை என்று நான் சொல்ல வரவில்லை, பல இடத்திலும் இதுதான் நடப்பு.

இந்தப் பயத்தினால்தான் எங்கள் ஆட்கள் கிடைத்த அன்றைக்கே வாங்கி, வாங்கிய அன்றைக்கே போட்டுவிடுகிறார்கள். 'வைத்திருந்தால் கட்டி தட்டிவிடும், அப்புறம் கிடைக்குமோ கிடைக்காதோ' என்ற எண்ணம். அதிகாரிகள் கூட்டத்தில் 'விவசாயிகள் அளவுக்கு மீறி யூரியா போடுகிறார்கள்' என்று பேசும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. கைக்கு வரும் என்ற உறுதி இருந்தால் யார் மூட்டையைக் கொண்டுபோய் வீணாக இறைப்பார்கள்? வீணாகிறது போய்ச் சேர்கிற இடமும் எங்கள் கிணறுதான். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தர அளவு. செம்மண் காட்டுக்கு நடுவே இருக்கும் ஆழமில்லாத கிணற்றில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் எடுக்கிற வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன.

இதற்கு வழி இருக்கிறது. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனில் உரமாகத் தருகிற பகுதியை விதைப்பு நேரத்தில் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடாமல், அடியுரத்தை மட்டும் முதலில் கொடுத்து, மேலுரத்துக்கான மூட்டைகளை அந்த விவசாயி பெயரில் சங்கத்திலேயே ஒதுக்கி வைக்கலாம். மழை பெய்த அன்று வந்து எடுத்துக்கொள்ளட்டும். பயிர்க்கடன் வாங்காதவர்களுக்கும் நிலத்தின் அளவுக்கு ஏற்றபடி ஒரு ஒதுக்கீட்டுச் சீட்டு கொடுக்கலாம். புரட்டாசி விதைப்புக்கு முன்பே ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் வட்டாரக் கிடங்குகளில் இருப்பு வந்து சேர வேண்டும். கார்த்திகையில் சரக்கு ரயில் வந்து, அப்புறம் லாரி பிடித்துப் பங்கு பிரித்தால் எங்களுக்கு உதவாது. குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுத்திருக்கிறேன். தாங்களும் செய்தியாளரை அனுப்பி, மழைக்கு மறுநாள் காலையில் சங்க வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் மூட்டையோடு திரும்புகிறார்கள் என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். விதைப்புக்கு முன்பே எழுதினால்தான் இந்தப் பட்டத்துக்கே பலன் கிடைக்கும்.

இப்படிக்கு,
மக்காச்சோள விவசாயி ஒருவர்,
கெங்கவல்லி வட்டம், சேலம் மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)